பழுப்புக்கு மேல் கறுப்பு

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது. கரப்பான் பூச்சி வந்தால் மனைவியைக் கூப்பிடுகிற ஆள். பல் வலியை மூன்று வருஷம் வாயிலேயே வைத்துக்கொண்டு திரிந்தவன், டாக்டர் பிடுங்கிவிடுவாரோ என்று. அப்படிப்பட்டவன் ஒரு வியாழக்கிழமை செய்த காரியமும், அதை மறைக்க சனி, ஞாயிறு இரண்டு நாள் உட்கார்ந்து செய்த காரியமும்தான் இது.

எனக்கு வேலை ஒரு குளிர்பதனக் கிடங்கில். உறைய வைத்த பட்டாணி, மீன், சோளம் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும், மறுபடி ஏறிப் போகும். எந்த அறையில் எது இருக்கிறது, எப்போது வந்தது என்று பார்த்து எழுதுவது நான். நீளமான ஒரு நடை, அதன் ஒரு பக்கம் எட்டு குளிர் அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் தடிமனில் கதவு. கதவு அரைகுறையாகத் திறந்திருந்தால் மேலே சிவப்பு விளக்கு எரியும், ஒரு மணி கீச்சுக் கீச்சென்று கத்தி உயிரை வாங்கும்.

கதவை மூடுவதற்கு ஒரு முறை உண்டு. சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும், "உள்ள யாரு?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும், பதில் இல்லை என்றால் மூட வேண்டும். சேர்ந்த முதல் வாரம் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அப்புறம் கையில் பெட்டி இருக்கும், காதில் மணி கத்தும். போகிற போக்கில் குதிகாலால் ஒரு உதை, கதவு சாத்திக்கொள்ளும், மணி நிற்கும். பெட்டி தூக்குகிறவர்கள் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. உதைத்தது உதைத்தவருக்கே ஞாபகம் இருக்காது.

அந்த வியாழக்கிழமை எனக்கு அரை நாள் லீவு. மச்சினி புது வீட்டுக்கு மாறியிருந்தாள், மதியம் எல்லோருக்கும் அங்கே சாப்பாடு. அதனால் காலையிலேயே நல்ல சட்டை போட்டு, நல்ல பூட்ஸும் மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டேன். என் மனைவி இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிக் கொடுத்த தோல் பூட்ஸ். கணுக்கால் வரை ஏறும், செம்பழுப்பு நிறம், மெழுகுக் கயிறு. மொத்தமே நாலு தடவை போட்டிருப்பேன். அலமாரியின் அடித்தட்டில் துணிப்பையில் தூங்கும். மாமனார் வீட்டுப் பக்கம் போகும்போது மட்டும் எழுப்புவேன்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பும்போது ஒரு கையில் ஃபைல், மறு கையில் பாதி குடித்த டீ. ஐந்தாம் நம்பர் அறையில் மணி கத்திக்கொண்டிருந்தது. உதைத்தேன். நின்றது. கேட்டில் வாட்ச்மேன் அண்ணன் என் காலைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை ஜோர்தான் என்று கிண்டல் பண்ணினார், பழுப்பு பூட்ஸ் எனக்கு எடுப்பாக இருக்கிறது என்றும் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போய் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

மறுநாள் வந்தபோது கிடங்கே செத்துக் கிடந்தது. விஷயத்தைச் சொன்னார்கள். நேற்று பன்னிரண்டு மணி வாக்கில் ஐந்தாம் நம்பர் அறைக்குள், பட்டாணி அடுக்குக்குப் பின்னால், பெட்டி தூக்குகிற மைனா இருந்திருக்கிறான். ஓயாமல் பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர். கதவு வெளியிலிருந்து மூடிக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடியில் ஐஸ் இறுகிப்போய் அசையவில்லை. ஐஸைச் சுரண்டி எடுக்கக் கையுறையைக் கழற்றியிருக்கிறான். முப்பத்தைந்து நிமிஷம். வேறு ஒருவன் பட்டாணி எடுக்கப் போய்த்தான் கதவைத் திறந்திருக்கிறான். மைனா இரண்டு கையும் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இடது கையில் எத்தனை விரல் பிழைக்கும் என்று ஒரு வாரம் போனால்தான் தெரியும் என்றார்கள்.

கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வியாழக்கிழமை, பன்னிரண்டு மணி, ஐந்தாம் நம்பர். எந்தப் பக்கம் போட்டுப் பார்த்தாலும் கணக்கு என்னிடமே வந்து நின்றது.

கதவு தானாகவே சாத்திக்கொண்டிருக்கும், ரப்பர் பழசாகிவிட்டது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆமாம் ஆமாம், ரப்பர் பழசுதான் என்று நானும் நாலு பேரிடம் சொன்னேன். அது மத்தியானம் வரைக்கும்தான். டீ குடிக்கிற இடத்தில் வண்டி ஓட்டுகிற அக்கா, நடையில் ஒரு கேமரா இருக்கிறது என்றாள். வளைந்து தொங்கிப்போய் தரையைத்தான் பார்க்குமாம். "ஆள் மூஞ்சி தெரியலையாம். முழங்காலுக்குக் கீழதான். ஆனா ரப்பர் பூட்ஸ் இல்லையாம், தோல் பூட்ஸாம். திங்கக்கிழமை எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போறாங்களாம்."

கிடங்குக்குள் எல்லோரும் வெள்ளை ரப்பர் பூட்ஸ். ஆபீஸ்காரர்கள் சாதாரண ஷூ. கணுக்கால் வரை ஏறுகிற தோல் பூட்ஸ் போட்டு அந்த நடையில் நடந்தவன் நான். செம்பழுப்பு. வாட்ச்மேன் அண்ணன் வாயாரப் புகழ்ந்த செம்பழுப்பு.

தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. மனைவி அடுத்த விசேஷத்துக்குக் கேட்பாள், அவளுக்கு எந்தப் பொருளும் மறக்காது. அதோடு, கிடங்கில் யாராவது "உங்க பூட்ஸ் எங்க?" என்று கேட்டால், இல்லை என்பதே ஒரு பதிலாகிவிடும். இருக்க வேண்டும், ஆனால் பழுப்பாக இருக்கக் கூடாது. பயத்தில் மூளை எத்தனை வேகமாக வேலை செய்கிறது பாருங்கள். அந்த வேகத்தில் பாதி வியாழக்கிழமை இருந்திருந்தால் எட்டிப் பார்த்திருப்பேன்.

சனிக்கிழமை காலை தோல் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் சாவகாசமான மனிதர். சும்மா பூசினால் ஒட்டாது, மேலே கம்பெனி போட்ட பளபளப்பை முதலில் ஸ்பிரிட்டால் துடைத்து எடுக்க வேண்டும், அப்புறம் மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது, "யோசிச்சுட்டுப் போடுங்க. பழுப்பைக் கறுப்பாக்கலாம். கறுப்பாக்கிட்டா பழுப்பு திரும்ப வராது" என்றார். அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருந்தது.

வீட்டில் துணி துவைக்கிற இடத்தில் பேப்பர் விரித்து உட்கார்ந்தேன். கயிற்றை உருவினேன். ஈரத்துணியால் தூசியைத் துடைத்தேன். இடது பூட்ஸின் குதிகாலில் வெள்ளையாக ஒரு கோடு இருந்தது, கதவின் பெயின்ட். அதைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நகத்தால் சுரண்டினேன். போன பிறகும் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

மனைவி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வருஷத்துக்கு ரெண்டு தடவை போடுகிற பூட்ஸுக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்டாள். கறுப்பு என்றால் எல்லா பேன்ட்டுக்கும் பொருந்தும் என்று சப்பைக்கட்டு கட்டினேன். அந்த நிறத்துக்காகத்தான் நாலு கடை ஏறி இறங்கினாளாம். முகம் சுண்டிப் போயிற்று. என் கையைப் பார்த்தாள்.

"கை ஏன் இப்படி நடுங்குது?"

"ஸ்பிரிட் வாசனை ஒத்துக்கல."

அவள் நம்பவில்லை. ஆனாலும் உள்ளே போய் என் பழைய பனியன் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போனாள்.

பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் தேய்த்தேன். பஞ்சு பழுப்பாக ஆயிற்று, தோல் வெளிறியது. பளபளப்பெல்லாம் போய், காய்ச்சல்காரன் மாதிரி களையிழந்து நின்றன இரண்டும். முதல் பூச்சு பூசியதும் பயந்தே போனேன். கறுப்பாக வரவில்லை. அங்கங்கே திட்டுத் திட்டாக ஊதா, நடுநடுவே பழுப்பு எட்டிப் பார்க்கிறது. இன்னும் மோசம், இப்போது யார் பார்த்தாலும் எதையோ மறைத்திருக்கிறான் என்று தெரியும். ஞாயிறு காலை இரண்டாவது பூச்சு. அப்போதும் தையல் ஓரத்தில் பழுப்பு விடவில்லை. தீக்குச்சி முனையில் சாயத்தைத் தொட்டு ஒவ்வொரு தையலாக நிரப்பினேன். ஒவ்வொரு தையலுக்கும் மைனாவின் விரல் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தால் என்ன, கை நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். நான் போகவில்லை.

அந்த இரண்டு நாளும் வாசல் மணி அடித்தால் போலீஸ், போன் அடித்தால் மேனேஜர். பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டு வந்தபோது எனக்கு வியர்த்துக் கொட்டியது. வேலை போகும், ஜெயிலுக்கும் போகலாம். அதெல்லாம்கூட இரண்டாம் பட்சம். மைனாவின் பெண்டாட்டி எதிரே வந்து நின்று, "ஒரு தடவை உள்ள யாருன்னு கேட்டிருக்கலாமே" என்று சொல்வாள். அந்த ஒரு வரிக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

ஞாயிறு சாயங்காலம் மூன்றாவது பூச்சும் காய்ந்து, துணியில் சாயம் ஒட்டாத வரை தேய்த்து, பாலிஷும் போட்டு முடித்தேன். நல்ல கறுப்பு. எந்தப் பக்கம் திருப்பினாலும் கறுப்பு. திங்கட்கிழமை அதையே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். நாலு பேர் பார்க்கட்டும், இவன் பூட்ஸ் கறுப்பு என்று மனசில் பதியட்டும் என்பது என் திட்டம். விரல் இடுக்கில் இருந்த கறை தெரியாமல் கையுறை போட்டுக்கொண்டேன்.

பத்து மணிக்கு மேனேஜர் அறையில் எல்லோரையும் கூட்டினார்கள். பன்னிரண்டு பேர் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றோம். படம் ஓடியது.

பழைய கேமரா. நிறமே இல்லை. சாம்பல் தரை, சாம்பல் கதவு. வலது பக்கத்திலிருந்து ஒரு ஜோடி கால் வந்தது, நின்றது, இடது குதிகால் பின்னால் போய் கதவைத் தட்டியது, போய்விட்டது. அவ்வளவுதான். அந்த பூட்ஸ் படத்தில் கன்னங்கரேல் என்று இருந்தது.

என் செம்பழுப்பு அந்தப் படத்தில் கறுப்பு. நான் இரண்டு நாள் உட்கார்ந்து, அந்தப் படத்தில் இருந்த பூட்ஸை அச்சு அசலாகச் செய்து காலில் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறேன். குனிந்து பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. மேனேஜர் குனிந்து பார்த்தார். முதலில் வாட்ச்மேன் அண்ணன் காலை. அவருடைய சீருடை பூட்ஸும் தோல்தான், கறுப்பு. அப்புறம் என் காலை.

"இதுவும் கறுப்பா இருக்கே?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாட்ச்மேன் அண்ணனே பேசினார். "இல்ல சார். தம்பி அன்னைக்குப் பழுப்பு பூட்ஸ் போட்டிருந்தாரு. நான்தான் கேட்ல பாத்தேன். பேசிக்கூட இருந்தோம்."

"அப்ப இது?"

"இது வேற ஜோடி, சார்" என்றேன். அந்த ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து எத்தனை சுலபமாக வந்தது என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பழுப்பாக இருந்தால் படத்தில் வெளுப்பாகத் தெரிந்திருக்கும் என்று மேனேஜர் தலையாட்டிக்கொண்டார். பிறகு வாட்ச்மேன் அண்ணனைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அவர் தன் பூட்ஸையே வெறித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்துக்குத் தினமும் ஒரு சுற்று அந்தப் பக்கம் போய்விட்டுத்தான் கேட்டுக்குத் திரும்புவேன் என்றார். கதவு கத்தினால் உதைப்பேன், எல்லோரும் செய்வதுதானே என்றார். வியாழக்கிழமை உதைத்தேனா என்று ஞாபகம் இல்லை என்று சொல்லி, அப்புறம் மெல்ல, "நானாத்தான் சார் இருக்கும்" என்றார். சாயங்காலத்துக்குள் அதை எழுதிக் கொடுக்கச் சொன்னார் மேனேஜர்.

அன்று மதியம் நான் நன்றாகச் சாப்பிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாலு நாள் கழித்து அன்றைக்குத்தான் சாப்பாடு தொண்டையில் இறங்கியது.

மூன்று மணிக்கு வாட்ச்மேன் அண்ணன் என்னைத் தேடி வந்தார். தனக்கு எழுத்து வராது, கோணல் மாணலாக இருக்கும், நான்தான் தினமும் எழுதுகிறவன், ஒரு கை பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றார். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கேட் பக்கத்தில் இருக்கிற அவருடைய அறைக்குப் போனோம். ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், கொக்கியில் மழைக்கோட்டு. என்னை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டார். கையுறையோடு பேனா பிடிக்க வரவில்லை. கழற்றினேன். அவர் என் விரலைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார், நான் எழுதினேன்.

'கேட் வாட்ச்மேன் ஆகிய நான், வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஐந்தாம் நம்பர் அறைக் கதவைக் காலால் உதைத்து மூடினேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே யார் என்று கேட்கவில்லை.'

அதோடு நிறுத்தினார். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாராம். அப்போது தான்தான் என்று தெரியாது, சும்மா பார்க்கத்தான் போனாராம். மைனா ஒரு வார்த்தை பேசவில்லையாம். அவன் பெண்டாட்டி ஸ்பூனில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாளாம்.

"தட்டியிருப்பான் இல்ல தம்பி? முப்பத்தஞ்சு நிமிஷம். கொஞ்ச நேரமாவது நான் அந்த நடையிலதானே இருந்திருப்பேன். எனக்கு எப்படிக் கேக்காம போச்சு? காலைலேர்ந்து அதையேதான் நெனச்சுட்டு இருக்கேன். நான் என்ன மனுஷன்?"

நான் நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. என் வயிற்றில் இருந்த பயத்தை அப்படியே எடுத்து இந்த மனிதர் வயிற்றில் வைத்துவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். பேனா நகரவில்லை. வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும் என்று தெரியும்.

"அண்ணே, அது நீங்க இல்ல. நான்தான்."

அவர் சிரித்தார். பாவம், நிஜமாகவே சிரித்தார். என் தோளைத் தட்டி, "நல்ல மனசு தம்பி உங்களுக்கு. வேணாம். எனக்காகப் பழியைத் தலைல போட்டுக்காதீங்க. நீங்க பழுப்புல வந்தீங்க, நான்தான் பாத்தேனே" என்றார்.

விட்டுவிடலாம். சொல்லியாயிற்று, அவர் நம்பவில்லை, அதற்கு நான் என்ன செய்ய முடியும். பயம் அப்படித்தான் காதோரம் பேசியது. ஒரு நிமிஷம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் காலை நீட்டிக் காட்டினேன்.

"இது வேற ஜோடி இல்லண்ணே. அதேதான். சனி, ஞாயிறு உக்காந்து கறுப்புச் சாயம் போட்டேன். அந்தப் படத்துல பழுப்பும் கறுப்பாத்தான் தெரியுது." சாயம் படிந்த விரல்களை மேஜை மேல் விரித்து வைத்தேன்.

அவர் விரல்களைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், மறுபடி விரல்களைப் பார்த்தார்.

"எதுக்குத் தம்பி சாயம் போட்டீங்க?"

அவர் முகத்தில் பதில் தானாகவே வந்து சேர்ந்ததைப் பார்த்தேன். திட்டுவார், சட்டையைப் பிடிப்பார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் இல்லையா?"

"இல்லண்ணே."

"நிச்சயமா?"

"நிச்சயமா நீங்க இல்ல."

இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் இல்லை, நான் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. என் மேல் கோபப்படக்கூட அவருக்கு அப்போது நேரம் இல்லை.

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கேட்டைத் திறக்கப் போனார். நான் காகிதத்தை என் பக்கம் இழுத்தேன். 'கேட் வாட்ச்மேன் ஆகிய' என்பதை மட்டும் அடித்துவிட்டு, அதன் மேலே என் வேலையை எழுதினேன். மற்ற வரிகளில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.